சக்கரம் இறங்கிய பிறகு விமானம் ஏன் மேலே போனது?

பினாங்கில் மாமா மகளின் கல்யாணம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு விமானத்தில் அம்மாவும் நானும் கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை 6 மணிக்கு எனக்கு நிகழ்ச்சி. மூன்று நாள் கூச்சலில் தொண்டை கட்டியிருந்தது. வானொலி அறிவிப்பாளருக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு வேண்டுமா? அம்மாவின் கவலை வேறு. சம்பந்தி வீட்டார் கொடுத்த முறுக்கு நொறுங்காமல் வீடு சேர வேண்டும். பலகாரப் பையை முன் இருக்கைக்கு அடியில் வைத்து, இரண்டு காலாலும் அணை கட்டியிருந்தார்.

சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. சன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்து இருட்டும், இடையிடையே சாலை விளக்குகளும் நெருங்கி வந்தன. இதோ தரை தட்டப்போகிறது என்று நினைத்த நேரத்தில் எஞ்சின் உறுமியது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. விளக்குகள் மறுபடியும் சிறுத்துக் கீழே போயின.

“ஏன்மா, மறுபடி மேலே போறான்?” அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

யாரும் பேசவில்லை. பின் வரிசையில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. வானொலியில் நான்கு விநாடி மௌனம் என்றாலே மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்துவிடும். இங்கே நான்கு நிமிடம் ஆனது விமானி பேசுவதற்கு. முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு இன்னும் விலகவில்லை, அதனால் ஒரு சுற்று போய் வருகிறோம் என்று, கடைக்குப் போய்ச் சில்லறை இல்லாமல் திரும்பியவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் ஒழுங்காக இறங்கினோம். முறுக்கும் பிழைத்தது. ஆனால் வாடகைக் காரில் ஏறியதும் அம்மா அறிவித்துவிட்டார்: “இனிமே பினாங்குக்கு ரயில்தான்.” கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று கேட்டார்: “முன்னால ஒண்ணு நிக்குதுன்னு அவனுக்கு யாரு சொன்னா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேலாக மைக் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். அந்தக் கேள்விக்குப் பதிலே ஒரு மைக்கும் ஒரு குரலும்தான் என்பது, அதற்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஐந்தரை கிலோமீட்டர் என்பது எத்தனை விநாடி?

வானம் எவ்வளவு பெரியது, இரண்டு விமானங்கள் எப்படி மோதிக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். நடு வானில் அது பெரும்பாலும் சரி. ஆனால் விமான நிலையத்தை நெருங்க நெருங்க வானம் சுருங்கிவிடுகிறது. வடக்கே பினாங்கிலிருந்து ஒன்று, தெற்கே சிங்கப்பூரிலிருந்து ஒன்று, கிழக்கே கோத்தா கினபாலுவிலிருந்து ஒன்று, மேற்கே சென்னையிலிருந்து ஒன்று என எல்லாத் திசையிலிருந்தும் வருகிறவர்கள், கடைசியில் ஒரே கோட்டில், ஒருவர் பின் ஒருவராக, ஒரு சில கிலோமீட்டர் நீளமுள்ள தார்ப் பாதையில் வந்து உட்கார வேண்டும். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து எல்லாரும் ஒரே நாளில் ஊர் திரும்பும்போது சுங்கை பீசி டோல் சாவடி எப்படி இருக்கும்? அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், வானத்தில் பிரேக் பிடித்து நிற்க முடியாது.

அதனால் எண்களைக் கொண்டு வேலி போட்டிருக்கிறார்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே மேல்கீழாகக் குறைந்தது 1,000 அடி இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் பக்கவாட்டில், நிலையத்தை நெருங்கும் பகுதியில் பொதுவாக 3 கடல் மைல். அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். இந்த இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருந்தாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் குறையப்போகிறது என்றால் அதைத்தான் மோதல் நிலை என்கிறார்கள். மோதிவிட்டது என்று பொருளில்லை. வேலி சாயப்போகிறது என்று பொருள்.

ஐந்தரை கிலோமீட்டர் என்றதும் எனக்கு நிறைய தூரமாகத்தான் பட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது அந்தத் தூரத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆகிறதே! பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானங்களுக்குப் பொதுவான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரும் புதிருமாக வந்தால் ஐந்தரை கிலோமீட்டர் 22 விநாடிகூடத் தாங்காது. வானொலியில் ஒரு விளம்பரம் 30 விநாடி.

எதிரெதிராக வருவது அரிது. அதிகம் நடப்பது வேறு: பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை எட்டிப் பிடிப்பது. முன்னால் ஒரு காற்றாடி விமானம் மெதுவாகப் போகிறது, பின்னால் ஒரு ஜெட் வருகிறது. அல்லது முன்னால் போகிறவர் ஓடுதளத்துக்காகச் சற்று முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டார். கட்டுப்பாட்டு அதிகாரி ஒவ்வொருவருக்கும் வேகத்தையும் திசையையும் சொல்லிச் சொல்லி, இடைவெளியை ரப்பர் பட்டை மாதிரி இழுத்தும் விட்டும் சரி செய்துகொண்டே இருக்கிறார். கூட்டம் மிஞ்சினால் காத்திருக்க வைப்பார். ஓட்டப்பந்தயத் திடல் வடிவத்தில் ஒரே இடத்தில் சுற்றுவது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். ஒன்றின் மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் அடுக்கி வைப்பார்கள். அடியில் இருப்பவர் இறங்கப் போனதும், மேலே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு படி இறங்குவார்கள். லண்டன் ஹீத்ரோவைச் சுற்றி இப்படி நான்கு அடுக்குகள் உண்டு. அங்கே போய் வந்தவர்கள், சன்னலுக்கு வெளியே அதே தேம்ஸ் நதி மூன்று முறை வந்ததே என்று சொன்னால் காரணம் இதுதான்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த இன்னொரு சங்கதி, கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழல். பெரிய விமானம் போன வழியில் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு சுழல்கள் புறப்பட்டுச் சில நிமிடங்கள் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். ஏ380 போன்ற இரண்டு மாடி விமானத்துக்குப் பின்னால், நாம் பினாங்குக்கும் லங்காவிக்கும் போகிற அளவு விமானம் 7 கடல் மைல், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும். ஆகவே வரிசையில் ஒரு ராட்சசன் நுழைந்தால் பின்னால் இருக்கும் எல்லாருடைய கணக்கும் மாறும்.

எங்கள் விமானி செய்தாரே, அதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். ஆபத்து வந்த பிறகு செய்கிற காரியம் அல்ல அது, வராமல் இருக்கச் செய்கிற காரியம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இறங்காமல் மேலே ஏறும் விமானத்துக்கு எதிர்பாராத ஓர் இடம் வேண்டும். அதே நேரத்தில் பக்கத்தில் ஒன்று புறப்பட்டு ஏறிக்கொண்டிருக்கலாம். ஒரு மோதல் நிலையைத் தவிர்க்கப் போய் இன்னொன்று முளைக்கும். அந்த நான்கு நிமிடம் விமானி நம்மிடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நம் தலைக்கு மேலே

இது எங்கோ லண்டனில் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். 2018-இல் ஓஏஜி நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், உலகிலேயே மிக அதிக விமானங்கள் பறந்த அனைத்துலகத் தடம் எது தெரியுமா? நியூயார்க்கும் இல்லை, துபாயும் இல்லை. நம் கோலாலம்பூர்–சிங்கப்பூர். ஓராண்டில் 30,500-க்கும் மேற்பட்ட பயணங்கள், ஒரு நாளைக்கு எண்பதுக்கும் மேல். ஏறி, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கும் தூரம் அது. புறப்படும் நெரிசலிலிருந்து நேராக இறங்கும் நெரிசலுக்குள்.

இடமும் நெருக்கம். சிங்கப்பூர் சிறு தீவு. சாங்கி ஒருபுறம், சிலேத்தார் ஒருபுறம், பாயா லேபாரிலும் தெங்காவிலும் விமானப்படைத் தளங்கள். நீரிணைக்கு இந்தப் பக்கம் ஜொகூர், அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள். ஒரு விமானம் தரையிறங்க வரும் சாய்வான கோடு அடுத்த நாட்டின் கூரைக்கு மேலே தொடங்குகிறது.

இது அரசியலாகவே வெடித்ததும் உண்டு. சிலேத்தாருக்குக் கருவி வழிகாட்டலில் இறங்கும் புதிய பாதை பாசிர் கூடாங் மேல் போகிறது, அங்கே உயரமான கட்டடங்களுக்கும் துறைமுகப் பணிக்கும் அது தடையாகும் என்று 2018 இறுதியில் மலேசியா ஆட்சேபித்தது. சிலேத்தாருக்கு மாற வேண்டியிருந்த ஃபயர்பிளை நிறுவனம் அந்த டிசம்பர் முதல் தேதியோடு சிங்கப்பூர்ச் சேவையையே நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்தப் பாதையை மீட்டுக்கொண்டது, மலேசியா பாசிர் கூடாங் மேல் அறிவித்திருந்த தடை வான்பகுதியைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. அதே மாதம் சேவையும் தொடங்கியது. சுபாங்கிலிருந்து சிலேத்தாருக்கு அந்தச் சின்ன காற்றாடி விமானத்தில் நானும் போயிருக்கிறேன். அதற்குப் பின்னால் இவ்வளவு பஞ்சாயத்து இருந்தது அப்போது தெரியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

நம் எஃப்எம் வானொலி 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் காரில் இருக்கும் முள்ளை 108-க்கு மேலே நகர்த்த முடிந்தால், முதலில் விமானங்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகள் வரும், 118-லிருந்து விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பேசும் குரல்கள் வரும். அண்டை வீட்டுக்காரர்கள் நாங்கள்! ஆனால் அவர்கள் எஃப்எம் பயன்படுத்துவதில்லை. பழைய ஏஎம் முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தரம் மட்டம், இரைச்சல் அதிகம். பிறகு ஏன்?

எஃப்எம்மில் இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் மோதினால், வலுவானது மட்டும் கேட்கும். பலவீனமானது இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். பாட்டுக் கேட்பதற்கு அது நல்லது. விமானத்துக்கு அது எமன். ஒருவர் உதவி கேட்டதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஏஎம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். வார்த்தை புரியாது. ஆனால் இன்னொருவர் பேச முயன்றார் என்பதாவது தெரியும். ஏஎம்மை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பத்து விமானங்கள் அதே அலைவரிசையில் காத்திருக்கும். அதனால் சொற்களை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள். உச்சரிப்புக்கே சட்டம் உண்டு. மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வேண்டும். இரைச்சலில் ‘ஃபைவ்’வும் ‘நைன்’னும் ஒன்றுபோலக் கேட்பதால் வந்த ஏற்பாடு. அதிகாரி சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதிகாரி அதைக் காது கொடுத்துக் கேட்டுத் தவறென்றால் திருத்த வேண்டும். எங்கள் நிலையத்தில் நேயர் போட்டியில் வென்றவரின் தொலைபேசி எண்ணை மூன்று முறை திருப்பிச் சொல்லி வாங்குவோம். அதில் தவறினால் ஒருவருக்குப் பரிசுக் கூடை போகாது, அவ்வளவுதான்.

இங்கே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பூச்சோங் சாட்சி. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்தது ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம். சுபாங் அதிகாரி, 2,400 அடிக்கு இறங்குங்கள் என்பதற்கு ‘டிசென்ட் டூ ஃபோர் சீரோ சீரோ’ என்றார். விமானியின் காதில் அந்த ‘டூ’, இரண்டு என்ற எண்ணாக விழவில்லை. ‘இவ்வளவுக்கு’ என்ற சொல்லாக விழுந்தது. ‘ஓகே, ஃபோர் சீரோ சீரோ’ என்று திருப்பிச் சொன்னார். நானூறு அடி! அந்தத் திருப்பிச் சொன்னதை யாரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும் மேலே இழுக்கவில்லை. விமானம் குன்றில் மோதியது. அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று முழுதாகச் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இது இரண்டு விமானங்களின் மோதல் இல்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வாரத்தில் ஐந்து நாள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

14,000-க்கும் 15,000-க்கும் நடுவே

இரண்டு விமானங்கள் வானில் மோதியதில் இதுவரை மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது டில்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே நடந்தது. 1996 நவம்பர் 12, மாலை இருட்டும் நேரம். டில்லியிலிருந்து புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தது சவூதியின் போயிங் 747. உள்ளே 312 பேர், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் நிறைய. டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது கஜகஸ்தானின் இல்யூஷின் விமானம், 37 பேர்.

அந்தக் காலத்தில் டில்லிக்கு வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வான்வழி. மீதிப் பகுதி விமானப்படையிடம் இருந்தது. அதிகாரி வேலியைச் சரியாகத்தான் போட்டார். சவூதிக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே ஒரு 747 வருகிறது என்று எச்சரித்தார், தூரத்தைச் சொன்னார், அதன் உயரத்தையும் சொன்னார். ஆனால் அவர் முன்னால் இருந்த ராடார் புள்ளிகளை மட்டும் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரம் காட்டும் புதிய ராடார் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. கஜக் விமானம் தனக்கு விதித்த உயரத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது அவருக்குத் தெரிய வழியில்லை.

அந்த விமானத்தில் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலி இயக்குநர் ஒருவருடையது. விமானிகளுக்கு ஆங்கிலம் போதவில்லை. வானொலி இயக்குநர் உட்காரும் இடத்தில் உயரமானி இல்லை, விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதாவது கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர். தாம் எதிர் விமானத்தின் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவர் கண்டு சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோட்டியின் விசாரணைக்குப் பிறகுதான் டில்லியில் வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது. ராடாரை வாங்குவது சீக்கிரம் நடந்துவிடுகிறது, பெட்டியைப் பிரித்துப் பொருத்தத்தான் எத்தனை தாமதம்! எனக்கு அந்த விசாரணை விவரங்களில் மிகவும் கோபம் வந்த இடம் இதுதான்.

“ட்ராஃபிக், ட்ராஃபிக்!”

டிகாஸ் எனப்படும் அந்தக் கருவிக்குத் தரையின் உதவி தேவையில்லை. சுற்றியுள்ள விமானங்களின் கருவிகளோடு அது நேராகப் பேசி, யார் எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் என்று கணக்குப் போடுகிறது. 1978-இல் சான் டியேகோவிலும், 1986-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸிலும், இறங்க வந்த பயணிகள் விமானங்கள் சிறு விமானங்களோடு மோதி மொத்தம் 226 பேர் இறந்த பிறகுதான் அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது.

நெருக்கம் வந்தால் முதலில் “ட்ராஃபிக், ட்ராஃபிக்” என்று ஒரு குரல். அப்போது விமானி கண்ணால் தேட வேண்டும். இன்னும் நெருங்கினால் ஆணை: “கிளைம்ப், கிளைம்ப்” அல்லது “டிசென்ட், டிசென்ட்”. மோதலுக்கு ஏறத்தாழ 25 விநாடி இருக்கும்போது இது வரும். இரண்டு கருவிகளும் தமக்குள் பேசி ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். ஆபத்து விலகியதும் “கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்”. உலகிலேயே மிகச் சிறந்த அறிவிப்பாளர் இந்தக் குரல்தான் என்பேன். ஒரு வார்த்தை மிகையில்லை.

ஆனால் அதே நேரத்தில் தரையிலிருக்கும் மனிதர் வேறு சொன்னால்? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே அதுதான் நடந்தது. சூரிக் கட்டுப்பாட்டு மையத்தில் அப்போது ஒரே ஒருவர் இரண்டு திரைகளையும் இரண்டு அலைவரிசைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். சக அதிகாரி ஓய்வில். பராமரிப்பு வேலையால் எச்சரிக்கை வசதி முழுதாக இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. தாமதமாக வந்த ஒரு விமானத்தைப் பக்கத்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறக்கிவிட அவர் போராடிக்கொண்டிருந்தார். மேலே 36,000 அடியில் இரண்டு விமானங்கள் நெருங்குவதைப் பார்த்தபோது முக்கால் நிமிடம்கூட மிச்சமில்லை. ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதன் கருவி ஏறச் சொன்னது. அவர்கள் மனிதனின் குரலைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் கருவியைக் கேட்டு அதுவும் இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் விடுமுறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒருவர், 2004-இல் அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். இரவுப் பணியில் ஒருவரைத் தனியாக விட்டவர்கள் யார் என்ற கேள்விக்குக் கத்தி பதில் சொல்லவில்லை.

கருவியும் மனிதனும் வேறு வேறு சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு உலக விதியில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது.

சரி, கருவி இருக்கிறதே, இனி என்ன பயம் என்று கேட்கலாம். தரைக்கு மிக அருகில் அந்தக் கருவி ஆணையிடாது. சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு என்று சொல்வதை நிறுத்திவிடும். தரையில் மோதவிடக் கூடாதல்லவா? ஆக, இறங்கும் கடைசி நிமிடத்தில் மறுபடியும் கண்களும் குரல்களும்தான்.

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் ரீகன் விமான நிலையத்தை நெருங்கிய பயணிகள் ஜெட்டில் 64 பேர். கோபுரம் அவர்களை வேறு ஓடுதளத்துக்கு வளைந்து வரக் கேட்டது, ஒப்புக்கொண்டார்கள். போட்டோமக் நதி மேல் 200 அடிக்கு மிகாமல் பறக்க வேண்டிய பாதையில் 3 பேருடன் ராணுவ ஹெலிகாப்டர். அந்த ஜெட் தெரிகிறதா என்று கோபுரம் கேட்டது, தெரிகிறது என்று பதில். அதன் பின்னால் கடந்து போங்கள் என்று கோபுரம் சொன்ன நொடியில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. 0.8 விநாடி. ‘பின்னால் கடந்து’ என்ற சொற்கள் அவர்களுக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம் என்றது விசாரணை வாரியம். ஜெட்டின் உள்ளே “ட்ராஃபிக், ட்ராஃபிக்” ஒலித்தது, அதற்கு மேல் சொல்ல அந்த உயரத்தில் கருவிக்கு அனுமதியில்லை. 300 அடியை ஒட்டிய உயரத்தில் மோதினார்கள். 67 பேர்.

0.8 விநாடி என்பது நான் வணக்கம் சொல்லி முடிக்கும் நேரம்.

இருட்டில் விளக்குகளைப் பார்த்து விலகுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு விளக்கம் படித்தேன், இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. சன்னலில் நகர்கிற விளக்கு உங்கள் மேல் மோதாது. மோதப்போகிற விளக்கு நகராது. ஒரே இடத்தில் நின்று, கடைசியில் திடீரென்று பெரிதாகும். கீழே ஊர் முழுக்க நகராத விளக்குகள்.

அந்த நிலையத்தின் பழைய பதிவுகளை வாரியம் புரட்டியபோது இன்னொன்று வெளியே வந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் 1 கடல் மைலுக்குள்ளும் 400 அடிக்குள்ளும் நெருங்கிய தருணங்கள் 15,214. பதினைந்தாயிரம் முறை மணி அடித்திருக்கிறது!

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ரயில்கூட வேண்டாம் என்பார். கோபுரத்தில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஓடுதளம் காலியாகவில்லை என்று தெரிந்ததால்தான் நம்மை மேலே போகச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொன்னேன். “அப்ப அந்தாளு தூங்கவே மாட்டாரா?” என்றார். முறை மாற்றி முறை வருவார்கள் என்றேன். யூபர்லிங்கனை நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

கைப்பேசியில் விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். இப்போது சாயங்காலத் தொடருக்கு விளம்பரம் வந்தால் அதைத்தான் திறக்கிறார். மஞ்சள் விமானங்கள் செப்பாங்கை நோக்கி எறும்பு வரிசையாக இறங்கும். போன வாரம் வெளியே பேய் மழை, நான் சமையலறையில் இருந்தேன்.

“இங்க வந்து பாரேன்” என்று கூப்பிட்டார். “மலாக்கா பக்கத்துல ஒருத்தன் சுத்திக்கிட்டே இருக்கான். ரெண்டு சுத்து ஆச்சு. கொஞ்சம் இறங்கியிருக்கான்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் அது வரிசையில் சேர்ந்தது.